கோயில் தெரு முக்கில் ஒரு குழாய்

ஒண்டிக்கட்டையாக இருக்கிற பொம்பளை மிட்டாய்ப் பொட்டலம் வாங்கினால், பொட்டலம் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் செய்தி தெருவுக்குப் போய்விடும். ஞானபூரணி அன்றைக்குச் சாத்தூர்க்காரர் கடையில் கருப்பட்டி மிட்டாயும் காராச்சேவும் தனித்தனியாகக் கட்டச்சொல்லி, கறுப்புக் குடைக்குள் மறைத்தாற்போல் பிடித்துக்கொண்டு வந்ததை ஆறு வீட்டு ஜன்னல்களாவது பார்த்தன. விருதுநகர் பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் நர்சாக இருந்து போன ஆனியில்தான் ரிட்டயர் ஆனவள். இனிப்பைத் தொடமாட்டாள், பல் சரியில்லை. காராச்சேவு அதைவிட ஆகாது. அப்படியென்றால் யாரோ வரப்போகிறார்கள். ஐம்பத்தாறு வயதில் நர்சம்மாவை யாராவது பெண் பார்க்க வருகிறார்களோ என்று ஒரு ஜன்னல் கேட்க, எதிர் ஜன்னல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது.

மறுநாள் அவள் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில், அதே குடையோடு நகரசபை ஆபீசுக்கு நடந்து போய், எட்டாவது வார்டுக்குச் சுயேச்சையாக வேட்புமனு கொடுத்துவிட்டு வந்தாள். மாப்பிள்ளையே வந்து இறங்கியிருந்தாலும் தெரு இவ்வளவு அசந்திருக்காது.

அசந்ததற்குக் காரணம் உண்டு. எட்டாவது வார்டில் ஓட்டுப் போட்டு யாரும் பழக்கப்பட்டதில்லை. மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி இராமகிருஷ்ணன்தான் கவுன்சிலர், இரண்டு தடவையும் போட்டியில்லாமல் அன்னப்போஸ்ட். எதிர்த்து மனுப் போட ஆள் இல்லாமல் இல்லை. போட்ட அன்று சாயங்காலமே மண்டிக் கணக்கப்பிள்ளை வேலுச்சாமி பழத்தட்டோடு வாசலில் வந்து நிற்பார். ரூபாயைக் காட்டிப் பேசுகிற அசிங்கமெல்லாம் அவரிடம் கிடையாது. எந்த மனுஷனுக்கும் தட்டமுடியாத சொல் ஒருத்தருடையது இருக்கும் என்பது அவருடைய சித்தாந்தம். அந்த ஒருத்தர் யார் என்று துப்புத் துலக்கி, எந்த ஊரில் இருந்தாலும் வண்டி அனுப்பிக் கூட்டிவந்து நிறுத்திவிடுவார். வண்டிப்பேட்டை சுடலை மனுப் போட்டபோது மாமியார் வந்து இறங்கினாள், சுடலை வண்டி மாட்டைவிட வேகமாக நகரசபை ஆபீசுக்கு ஓடினான். போன தேர்தலில் டெய்லர் சங்கையா மனுப் போட்டார். காரியாபட்டியிலிருந்து அவருடைய அண்ணனைக் கூட்டிவந்தார் வேலுச்சாமி. பதின்மூன்று வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத அண்ணன் தம்பி. அண்ணன் வண்டியை விட்டு இறங்கி, இதெல்லாம் நமக்கு எதுக்குப்பா என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். சங்கையா கழுத்தில் தொங்கிய டேப்போடு எழுந்து ஓடிவந்தார். இரண்டு கிழவர்களும் நடுத்தெருவில் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளைகள்போல் அழுதார்கள். பிறகு மனு வாபஸ் ஆனதைப் பற்றி யாருக்கு அக்கறை.

டியூட்டி முடிந்து வந்துகொண்டிருந்த ஞானபூரணி அன்றைக்கு அங்கேயே நின்று அதைப் பார்த்தாள். வெயில் தாழ்ந்து வெகு நேரமாகியும் குடையை மடக்காமல் நின்றாள். தெரு அதையும் கவனித்தது. ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கிற அளவுக்குத் தெருவுக்கு அன்று நேரமில்லை.

அவளுக்கும் ஒருத்தி இருந்தாள். அதிக தூரத்தில் இல்லை, கோயில் தெரு முக்கு வீட்டில். கூடப்பிறந்த தங்கச்சி. பிறந்தபோது ஞானஜோதி. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்க்கும் சவரியப்பனைக் கட்டிக்கொண்டு கத்தோலிக்கச் சபையான ஆர்.சி.யில் சேர்ந்தபோது சாமியார் வைத்த பேர் ஆரோக்கியம். அம்மாவும் அக்காளும் சி.எஸ்.ஐ., தங்கச்சி ஆர்.சி. என்பதனால் ஒன்றும் சண்டை வரவில்லை, கிறிஸ்மசுக்கு இரண்டு வீட்டுப் பலகாரமும் அங்கேயும் இங்கேயும் போய்க்கொண்டுதான் இருந்தது. சண்டை வந்தது அவர்கள் அம்மா செத்ததில். அக்காளுக்கு மாறிமாறி நைட் டியூட்டி என்பதால் கடைசி இரண்டு வருஷம் அன்னபாக்கியத்தம்மாள் சின்னவள் வீட்டில் கிடந்தாள். ஐப்பசி மழையில் ஒருநாள், ஞானபூரணி ஒரு கஷ்டமான பிரசவத்தில் நின்றுகொண்டிருந்தபோது, கிழவி போய்விட்டாள். சேதி கிடைத்து இவள் வருவதற்குள் சாமியார் வந்து ஆர்.சி. முறைப்படி அவஸ்தை எண்ணெய் பூசி, பெட்டியை மூடி, ஆர்.சி. கல்லறைத் தோட்டத்தில் குழியும் வெட்டியாகிவிட்டது. இவள் தோட்டத்துக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பிடி மண்கூடப் போடவில்லை. தங்கச்சி சேறும் கண்ணீருமாக வெளியே வந்தபோது, அத்தனை பேர் முன்னால், அம்மாவை மதம் மாற்றிப் புதைத்துவிட்டாயே, இனிமேல் நீ எனக்கு யார் என்று கேட்டாள். தங்கச்சி பதில் சொல்லவில்லை. பதினோரு வருஷமாகச் சொல்லவில்லை. அம்மாவே ஆர்.சி.யில் புதைக்கச்சொல்லிக் கேட்டிருப்பாளோ என்று ஞானபூரணிக்கு எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருத்திதான் உண்டு, அவளிடம் பேச்சில்லை. இரண்டு கிறிஸ்மசுக்குப் பலகாரத் தட்டு அனுப்பிப் பார்த்தாள். மூடியிருந்த துணியைக்கூடப் பிரிக்காமல் தட்டு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அனுப்பவில்லை.

ஆக, மனுவின் ரகசியம் இவ்வளவுதான். வேலுச்சாமி வருவார். யார் சொன்னால் நர்சம்மா கேட்பாள் என்று துப்புத் துலக்குவார். கூடப்பிறந்தவளைத் தவிர வேறு யாரைக் கூட்டி வரமுடியும்? கருப்பட்டி மிட்டாய் என்றால் ஜோதிக்குச் சின்ன வயசிலிருந்தே உயிர்.

வேலுச்சாமிக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று மனுக் கொடுப்பதற்கு முன்பே நோட்டீஸ் ஒன்று அடித்துவைக்கவேண்டியிருந்தது. என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழுத ஆரம்பித்ததும் நிறுத்தமுடியாமல் போனதுதான் வேடிக்கை. முப்பத்தோரு வருஷம் பிரசவத்துக்காக அந்த வார்டின் ஒவ்வொரு சந்திலும் நடந்தவள் அவள். எந்தச் சாக்கடையில் கால் இடறும், எந்த வீட்டில் கிணற்று உப்புத்தண்ணீரிலேயே பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார்கள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பொம்பளைகள் கைப்பிள்ளையைத் தூளியில் யார் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்கள், இருட்டுவதற்காகக் காத்திருந்து கருவேலங்காட்டுக்கு ஒதுங்கப் போகிற பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பாம்பு பயமா மனுஷன் பயமா, எல்லாம் தெரியும். பெண்களுக்குக் கக்கூஸ், கைப்பிள்ளைகளுக்கு ஓலைக்கொட்டகை போட்டு ஒரு ஆயா, படித்துறைக்கு விளக்கு. பிறகு, வத்தல் புடைக்கிற வேலையை ஊருக்கு வெளியே தள்ளவேண்டும் என்று ஒரு வரி. அந்த வார்டில் பிறக்கிற பிள்ளைகள் அழுவதற்கு முன்னால் தும்மும் என்பது அவளுக்கு மட்டுமல்ல, டாக்டரம்மாவுக்கும் தெரியும். இத்தனைக்கும் முதலில், ஒன்றாம் நம்பர் போட்டு, கோயில் தெரு முக்கில் ஒரு குழாய். பஜாரை ஒட்டி நாலு தெரு தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும்போது கோயில் தெரு முக்கில் எதற்கு என்று அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சிவகாசி பிரஸ்காரன் தீப்பெட்டி லேபிளுக்கு வைத்திருந்த கிளி பார்டரைச் சுற்றிப் போட்டு, ரோஸ் காகிதத்தில் அடித்துக் கொடுத்தான். தெரு கிளிகளை எண்ணியது, பதினாறு. உள்ளே இருந்ததைப் படித்தவர்கள் அதைவிடக் குறைவு.

படித்தவர்களில் ஒருவர் இராமகிருஷ்ணன். வத்தல் வரிக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

மனுக் கொடுத்த அன்று சாயங்காலமே வேலுச்சாமி வந்தார். ஞானபூரணி இரண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தாள். காராச்சேவையும் காப்பியையும் வைத்தாள். மிட்டாயைக் கொட்டி வைத்திருந்த டின்னைத் திறக்கவில்லை. கணக்கப்பிள்ளை சேவைக் கொறித்துக்கொண்டே குழாயென்ன, விளக்கென்ன, முதலாளி கை நீட்டினால் நடந்துவிடும் காரியங்கள், இதற்காக நர்சம்மா வெயிலில் அலையவேண்டுமா என்று இழுத்தார். அவள் முடியாது என்றாள். அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. தன் வித்தையைக் காட்டப்போகிற சந்தோஷம்தான் தெரிந்தது. அவள் முகத்திலும்.

இரண்டாம் நாள் ஐயர் வந்தார். அவளுடைய சபைப் பாஸ்டர் தேவாசீர்வாதம், பாவம், சாதுவான மனுஷர். ஓடியாடிய மார்த்தாளைவிட உட்கார்ந்து கேட்ட மரியாளே மேல் என்ற பைபிள் கதையைச் சொல்லி, ஜெபம் பண்ணி, காராச்சேவு தின்றுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் தீப்பெட்டி ஆபீஸ் கருப்பம்மாளை அனுப்பினார்கள். அவளுடைய ஐந்து பிள்ளைகளும் ஞானபூரணி கையில்தான் விழுந்தன. வந்தவள் நிலைப்படி ஓரமாக உட்கார்ந்து, மண்டிக்காரர்கள் சொல்லிக்கொடுத்ததைப் பாதி ஒப்பித்துவிட்டு, பாதியில் நிறுத்தி, நோட்டீஸில் கக்கூஸ் என்று போட்டிருப்பது நிசந்தானா என்று கேட்டாள். நிசந்தான் என்றதும், அப்ப நீங்க வாபஸ் வாங்காதீக நர்சம்மா என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். வேலுச்சாமியின் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு அடி அதற்கு முன் விழுந்ததில்லை.

நான்காம் நாள் ஞானபூரணியே ஒரு துருப்பை எடுத்துக் கொடுத்தாள். என்னதான் இருந்தாலும் சொந்தம் வந்து சொல்வதுபோல் ஆகுமா என்று, வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் பேசினாள். வேலுச்சாமியின் கண் மின்னியது. மறுநாள் அச்சங்குளத்திலிருந்து இன்பராஜ் என்று ஒருவரைக் கூட்டி வந்தார். பட்டாசுக் கம்பெனியில் வாட்ச்மேன், அவளுடைய சித்தப்பா கொழுந்தியாள் மகன். அவளை அதற்கு முன் ஒரே ஒரு தடவை, ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்திருக்கிறார். என்ன சொல்லவேண்டுமென்று அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் செத்துப்போன சித்தப்பாவைப் பற்றிக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க வாசலில் செருப்பு இருந்தது. தினமும் மூன்று நான்கு பேருக்குக் காப்பி கலந்தாள், டம்ளர் கழுவினாள். வந்தவர்கள் போனபின் வீடு முன்னைக்கு இரண்டு மடங்கு காலியாக இருந்ததைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. எல்லாப் பிரசவ வார்டிலும் விசிட்டிங் நேரம் முடிந்து மணி அடித்ததும் அப்படி ஒரு காலி வரும். ஆனால் அங்கே யாராவது ஒரு பிள்ளை அழுதுவிடும்.

வாபஸ் வாங்கக் கடைசி நாள், மத்தியானம் மூன்று மணிவரை கெடு. ஒன்றரை மணிக்கு வேலுச்சாமி வந்தார். தனியாக வந்தார். பழத்தட்டு இல்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வீட்டின் பூட்டு தனக்குப் பிடிபடவில்லை என்ற வெட்கம் அவர் முகத்தில் இருந்தது. காப்பியைத் தொடாமலே பேசினார்.

"நானும் எல்லாப் பக்கமும் மண்வெட்டியப் போட்டுப் பாத்துட்டேன் நர்சம்மா. ஒருத்தர் பாக்கி இருக்காக. ஆனா அவுகள இந்த வாசல்ல கொண்டாந்து நிறுத்துனா நீங்க அருவாமணையத் தூக்கிருவீகன்னு தெருவே சொல்லுது. அவுக பேரச் சொன்னாலே ஒங்களுக்கு ஆகாதாம். நெசந்தானா?"

ஞானபூரணி நின்றுகொண்டிருந்தாள். அலமாரியின் மேல்தட்டில் மிட்டாய் டின் இருந்தது. கோயில் தெரு முக்கு அங்கிருந்து எவ்வளவு தூரம். அனுப்பினால் கால் மணியில் வந்துவிடலாம். பொய், கூட்டி வாங்க என்று மூன்று வார்த்தை. பனிக்குடம் உடைந்து மூன்று நாள் வலியெடுத்தவளையெல்லாம் முக்கு, இன்னும் கொஞ்சம் முக்கு என்று அதட்டியே பெறவைத்தவளுக்கு அந்த மூன்று வார்த்தையை வெளியே தள்ள முடியவில்லை. தெரு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. பதினோரு வருஷமாகத் தெரு அவளுக்கென்று ஒரு வைராக்கியத்தைத் தைத்து மாட்டிவிட்டிருந்தது. அது இப்போது கச்சிதமாக இருந்தது.

"தெரு சரியாத்தான் சொல்லுது," என்றாள்.

வேலுச்சாமி எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் கதவைச் சாத்தவில்லை. இரண்டேகாலுக்கு ஒரு தடவை வாசலுக்கு வந்தாள். இரண்டரைக்கு வந்தாள். சுவர்க்கடிகாரம் மூன்று அடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டாவது வார்டுக்கு முதல்முறையாகத் தேர்தல் வந்தது அப்படித்தான். வேட்பாளருக்குத்தான் அதில் துளியும் இஷ்டமில்லை.

கருப்பம்மாளுக்கு இஷ்டம் இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை, விரலில் மருந்துக் கறை போகாத ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து, வாங்க ஓட்டுக் கேட்கப் போவோம் என்று நின்றாள். நர்சம்மாவுக்குக் கிடைத்திருந்த சின்னம் குடை. அது ஒன்றுதான் கடவுள் பார்த்துச் செய்தது என்று தெரு ஒப்புக்கொண்டது. நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். தான் எடுத்துப்போட்ட பிள்ளைகள் மீசையோடு வந்து, வாங்க நர்சம்மா என்றன. எல்லா வீட்டிலும் காப்பி குடிக்கச் சொன்னார்கள். ஓட்டைப் பற்றிக் கேட்டால் மண்டி இருக்கிற திசையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கோயில் தெரு முக்குக்கு வந்ததும் கருப்பம்மாள் நாசூக்காக எதிர்ச்சாரிக்குத் தாண்டினாள். பெண்களும் தாண்டினார்கள். ஞானபூரணி தாண்டவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர் ஒரு வீட்டை விட்டுவிட்டுப் போனால் அந்த வீட்டுக்கு அவமானம் என்பது ஊர் வழக்கம். பதினோரு வருஷமாக அவளுக்குக் கிடைக்காத ஒரு சாக்கை அந்த வழக்கம் தட்டில் வைத்து நீட்டியது. எதிர்ச்சாரியில் பெண்கள் மூச்சுக் காட்டாமல் நிற்க, அவள் மட்டும் படியேறினாள்.

ஆரோக்கியம் நடையில் உட்கார்ந்து முறத்தில் துவரம்பருப்புக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். இவ்வளவு பக்கத்தில் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது. தலை முன்பக்கம் முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டி, அம்மாவின் முகம் அப்படியே வந்து அவள்மேல் உட்கார்ந்திருந்தது. ஞானபூரணிக்கு ஒரு நிமிஷம் யாரைப் பார்க்கிறோம் என்று குழம்பிவிட்டது. சவரியப்பன் உள்ளேயிருந்து வந்தவர் அப்படியே திரும்பி, நாற்காலி எடுக்கப் போவதுபோல் போனார். நாற்காலி வரவில்லை.

"வாங்க நர்சம்மா," என்றாள் ஆரோக்கியம்.

ஊர் முழுக்கக் கூப்பிடுகிற பேர்தான். மற்ற வாயிலெல்லாம் மரியாதையாக இருந்தது. ஞானபூரணி நோட்டீஸைப் படித்தாள். எல்லா வீட்டிலும் சும்மா கொடுத்துவிட்டுத்தான் வந்தாள், இங்கே மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, பதினாறு கிளிகளுக்கு நடுவில் இருந்த அத்தனையும் படித்தாள். நிறுத்தினால் கிளம்பவேண்டும். ஆரோக்கியம் பருப்பில் கை வைத்தபடியே கேட்டாள். முடிந்ததும், ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, கேட்டாள்.

"இந்தக் கொழாய் எங்கன வரும்?"

"இந்தா, இந்த முக்குலதான்."

"இங்கன தண்ணி ஏறாதே. மேடுல்ல."

எதிர்ச்சாரியில் யாரோ இருமினார்கள். ஞானபூரணி திரும்பித் தெருவைப் பார்த்தாள். பஜாரிலிருந்து வருகிற தெரு முக்கை நோக்கி மெல்ல மெல்ல ஏறி வந்தது. தான் மூச்சு வாங்க ஏறி வந்த ஏற்றம்தான். வார்டில் ஒவ்வொரு குழியும் தெரிந்தவளுக்கு இந்த ஒரு மேடு கண்ணில் படவில்லை.

"ஏறும். அதெல்லாம் கேட்டாச்சு," என்றாள். யாரையும் கேட்கவில்லை.

"ஏறுனா நல்லதுதான்."

ஆரோக்கியம் எழுந்து உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெயிலில் வந்த யாருக்கும் கொடுப்பதுதான். அண்ணாந்து குடிக்கும்போது ஞானபூரணியின் கண்ணுக்கு உள்ளே மூலையில் இருந்த பித்தளைக்குடம் தெரிந்தது. குடத்தின் வயிற்றில் ஒரு நெளிசல். ஒன்பது வயசில் ஞானபூரணிதான் அதைக் கிணற்றடியில் கீழே போட்டு அடி வாங்கினாள். கழுத்தில் புள்ளிபுள்ளியாக அம்மா பேர் வெட்டியிருக்கும், இங்கிருந்து தெரியாது. டம்ளரைக் கீழே வைத்தாள். ஆரோக்கியம் ரோஸ் நோட்டீஸை நாலாக மடித்து முறத்துக்கு அடியில் வைத்துவிட்டு மறுபடியும் கல் பொறுக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான். படியிறங்கி வந்தவளிடம் கருப்பம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்குத் தெரு அவளை ரொம்ப நாள் திட்டியது.

தேர்தலில் குடைக்கு அறுபத்தேழு ஓட்டு விழுந்தது. அந்த அறுபத்தேழு பேர் யார் என்று தெரு ஒரு மாசம் விரல் விட்டுப் பார்த்தது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்களை எண்ணியாயிற்று, ஐயரையும் சந்தேகப்பட்டாயிற்று. கோயில் தெரு முக்கு வீட்டில் எந்தச் சின்னத்துக்குப் போட்டார்கள் என்பதில் மட்டும் இரண்டு கட்சி இருந்தது. ஞானபூரணி அந்தக் கணக்கில் சேரவில்லை. தேர்தல் முடிந்த மறுநாள் அவள் வீட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்புத்தான் கிடந்தது, அவளுடையது. ஒருநாள் எதற்கோ மிட்டாய் டின்னை இறக்கித் திறந்தாள். எறும்புகள் அதற்குள் ஒரு ஊரையே கட்டிக் குடியிருந்தன. தட்டிக் கொட்டாமல் பழையபடி மூடி மேலே வைத்துவிட்டாள்.

இராமகிருஷ்ணன் ஜெயித்தும் பெருந்தன்மையாக நடந்துகொண்டார் என்று ஊர் பேசியது. நர்சம்மாவின் நோட்டீஸை எதிரில் வைத்துக்கொண்டு, இதில் எது சுலபம் என்று கேட்டாராம். வத்தல் வரியை வேலுச்சாமி கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாராம். ஓவர்சியர், அங்கே மேடு, பிரஷர் பத்தாது என்று சொல்லிப் பார்த்தார். அந்தம்மா கேட்ட இடத்தில்தான் போடவேண்டும், பின்னால் பேச்சு வரக்கூடாது என்று இராமகிருஷ்ணன் ஒரேயடியாக நின்றுவிட்டார். பங்குனியில் கோயில் தெரு முக்கில் குழாய் நட்டார்கள். கல்லில் கவுன்சிலர் பேர், தேதி. திறப்பு விழா அன்று கீழ்த்தெரு வால்வுகளையெல்லாம் அடைத்துவைத்ததால் தண்ணீர் முழங்கை தடிமனுக்குக் கொட்டியது. மாலை போடக் கூப்பிட்டபோது ஞானபூரணி ஓரமாக நின்றுகொண்டாள். மறுநாள் வால்வைத் திறந்தார்கள். குழாய் இரண்டு தடவை கமறியது, அதோடு சரி. வாரத்துக்குள் அதற்கு நர்சம்மா குழாய் என்று பேர் வந்துவிட்டது. புழுக்கமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், போய் நர்சம்மா குழாயைத் திறந்துவிட்டுக்கொள், நல்ல காற்று வரும் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

முதல் பத்து நாள் பெண்கள் நம்பிக்கையோடு குடங்களை வரிசையில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்து, எல்லாம் பழைய கிணற்றுக்கே திரும்பிப்போயின. ஞானபூரணியின் குடம் மட்டும் நின்றது. தினமும் விடிந்ததும் கொண்டுவந்து குழாயடியில் வைப்பாள், உச்சி வெயிலில் காலியாகத் தூக்கிக்கொண்டு போவாள். சொன்ன சொல்லுக்காக வைக்கிறாள் என்று சிலர். கிழவிக்குக் கழன்றுவிட்டது என்று சிலர். குழாயடியிலிருந்து பார்த்தால் முக்கு வீட்டு நடைவரைக்கும் தெரியும் என்பதை ஒருத்தரும் சொல்லவில்லை. அத்தனை ஜன்னல் இருந்து என்ன பிரயோஜனம்.

சித்திரை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அன்றைக்கும் கிழக்கு வெளுத்ததும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் ஏறி வந்தாள். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினாள். இப்போதெல்லாம் மேடு தெரிகிறது. முக்குத் திரும்பியதும் முதலில் ஏதோ நாய் படுத்திருக்கிறது என்று நினைத்தாள். கிட்டத்தில் வந்தாள்.

குழாய்க்கு நேர் கீழே, வரிசையில் முதல் ஆளாக, ஒரு பித்தளைக்குடம் இருந்தது. புளி போட்டுப் புதிதாகத் துலக்கியிருந்தது. வயிற்றில் நெளிசல். குனிந்து பார்த்தாள். கழுத்தில் புள்ளிகள் தேய்ந்து, அன்ன என்பது வரைதான் படிக்க முடிந்தது.

நிமிர்ந்து வீட்டைப் பார்த்தாள். நடையில் யாரும் இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது. வாசலில் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை, கோயில் மணி அடிக்கவில்லை, அதற்குள் எழுந்து வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எதற்கு? தண்ணீர் வராது என்று முதல்முதலில் சொன்னவளே அவள்தான்.

எதிர்ச்சாரியில் ஒரு ஜன்னல் திறந்தது. ஞானபூரணி அதைப் பார்க்கவில்லை. குழாயின் தலையைப் பிடித்துத் திருகினாள். உள்ளே எங்கேயோ ஆழத்தில் ஒரு சீறல் கிளம்பி, காற்றாக மட்டும் மேலே வந்து, பித்தளைக்குடத்தின் வாயில் பட்டு மெல்லிசாக ஊதியது. அவள் மூடவில்லை. தன் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, முன்னதில் இடித்துவிடாமல் பார்த்து, அதற்குப் பின்னால் வைத்தாள்.